மனம் போல வாழ்வு: யார் யாரிடம் சொன்னது?

2022 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. வ.உ. சிதம்பரம் பிள்ளை பிறந்து 150 ஆண்டுகள் நிறைவதையொட்டி, நான் வேலை பார்க்கும் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர்களுக்கென்று ஓர் 'ஆளுமை மேம்பாட்டுப் பயிற்சி' நடந்தது. இந்தத் தொழிலில் கௌரவம் என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். தொகுப்பூதியம், வருஷத்துக்குப் பதினோரு மாசம். மே மாசம் நாங்கள் உயிரோடு இருப்பதாக அரசாங்கக் கணக்கில் இல்லை. அந்தச் சனிக்கிழமை மூன்று மாசச் சம்பளமும் பாக்கியில் இருந்தது. பயிற்சியாளர் காதோரம் மைக்கை மாட்டிக்கொண்டு மேடைக்கும் கீழுக்குமாக நடந்தபடி, "உங்க வாழ்க்கைக்கு யார் ஓனர்?" என்று கேட்டார். "நான்தான்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். முதல் தடவை சத்தம் போதவில்லை என்றார். மூன்றாவது தடவை நாற்பது பேரும் கத்தினோம். நானும்தான்.

பிறகு ஆளுக்கொரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். அட்டையில் வ.உ.சி. படம். உள்ளே, ஜேம்ஸ் ஆலன் என்ற ஆங்கிலேயர் எழுதி வ.உ.சி. தமிழாக்கிய 'மனம் போல வாழ்வு'. "சூழ்நிலை, சம்பளம், சிஸ்டம்னு காரணம் சொல்லாதீங்க. செக்கிழுத்த செம்மலே காரணம் சொல்லல" என்றார் பயிற்சியாளர். கைதட்டினார்கள்.

அன்று இரவே இதை எதிர்த்து எழுத உட்கார்ந்தேன். கருவிகள் எல்லாம் தயாராகத்தான் இருந்தன. கருத்தியல் மனிதனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது, கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிறவன் அந்தக் கணத்தில் 'தன்னிலை'யாக உற்பத்தி செய்யப்படுகிறான் என்று 1970-இல் அல்தூஸர் எழுதினார். 'நான்தான்' என்று கத்திய நாற்பது பேரைவிட இதற்கு நல்ல உதாரணம் கிடைக்குமா? சம்பளம் தராதவரின் பிரச்சினை சம்பளம் வாங்காதவரின் மனப்பான்மைப் பிரச்சினையாக எப்படி மாற்றப்படுகிறது என்று விலாவாரியாக எழுதினேன். நாலு பக்கம் வந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. வரலாற்றுத் துறையில் பதினான்கு வருஷமாக இதே கௌரவத்தில் இருக்கும் அக்கா ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துத் திருப்பித் தந்தார்.

"எல்லாம் சரிதான் தம்பி. ஆனா இந்தப் புக்க நான் நாலு வருஷமா படிச்சிட்டிருக்கேனே, நான் என்ன முட்டாளா?"

கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டினார். பழைய பதிப்பு. நடைபாதைக் கடையில் வாங்கியதாம், முதுகில் பிசின் டேப். அவர் நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவர். நாற்பதைத் தாண்டிய பிறகு 'நெட்' தேர்வில் மூன்றாம் முறை உட்கார்ந்து தேறியவர். இவரைக் கருத்தியலுக்கு ஏமாந்தவர் என்று எழுதுவதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் வராததை ஒரு விமர்சன நிலைப்பாடாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் ஒரு பிரதியை நாலு வருஷம் கைப்பையில் வைத்திருக்கும் வாசகரை விட்டுவிட்டு அந்தப் பிரதியைப் பற்றி எதையும் சொல்லிவிட முடியாது என்று பட்டது. ஆகவே நாலு பக்கத்தையும் ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குகிறேன்.

*

ஆலனின் வாதம் மிகச் சுருக்கமானது. ஒருவன் எதை நினைக்கிறானோ அதுவாக ஆகிறான். அவனுக்கு வாய்க்கும் நிலைமைகள் அவன் எண்ணத்தின் விளைச்சல். மனத்தைத் தோட்டமாக உருவகித்துச் சின்னச் சின்ன அத்தியாயங்களில் இதை விரிக்கிறார். 1903-இல் இங்கிலாந்தில் வெளிவந்த புத்தகம். தலைப்பு விவிலியத்தின் நீதிமொழிகளிலிருந்து எடுத்தது. ஆலன் பிறவிப் பணக்காரர் அல்லர். 1864-இல் லெஸ்டரில் பிறந்தார். பின்னலாடைத் தொழில் நொடித்துப்போய் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன தகப்பனார், போன இடத்திலேயே செத்துப்போக, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஆலைக்குப் போனவர். நிலைமை என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும்.

நிலைமைகளைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் மூன்று மனிதர்களைக் காட்டுகிறார். ஒருவன் ஏழைத் தொழிலாளி. கூலி போதவில்லை என்பதைக் காரணமாக வைத்து வேலையில் ஏய்க்கிறான். அவன் ஏழ்மையிலிருந்து மீளவே மாட்டான் என்கிறார் ஆலன். இரண்டாமவன் தின்றே நோயாளியான பணக்காரன். மூன்றாவது ஆள் ஒரு முதலாளி. தர வேண்டிய கூலியைத் தராமலிருக்கக் கோணல் வழி தேடுகிறவன், கடைசியில் திவாலாகிறான். எங்கள் பயிற்சியாளர் முதல் ஆளை மட்டும் சொன்னார். மூன்றாவது ஆளைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் படித்தாரா என்பதும் சந்தேகம்தான். ஆனால் அந்த ஆள் ஆலனின் பிரதிக்குள் இருக்கிறான், நாங்கள் கையில் வைத்திருந்த அதே புத்தகத்தின் மூலத்தில் இருக்கிறான்.

இந்த மூன்று பேரும் வ.உ.சி.யின் மேஜைக்கு எப்போது வந்தார்கள் என்று பார்க்க வேண்டும். மேஜை என்று சொன்னது தவறு. 1906-இல் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்து, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பிரிட்டிஷ் கம்பெனியோடு போட்டி போட்டு 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்களை ஓட்டியவர். 1908 பிப்ரவரி 27-இல் தொடங்கிய கோரல் மில் வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கியவர். அந்த வேலைநிறுத்தம் கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் வாங்கிக்கொண்டுதான் முடிந்தது. சில நாட்களில், மார்ச் 12-இல், அவர் கைதானார். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோயம்புத்தூர்ச் சிறையில் செக்கு. பிறகு கண்ணனூர்ச் சிறை. விடுதலை 1912 டிசம்பர் 24. 'மனம் போல வாழ்வு' இந்தச் சிறைக்காலத்தின் மொழிபெயர்ப்பு, வெளிவந்த ஆண்டு 1909. ஆலன் அங்கே இங்கிலாந்தில் 1912 ஜனவரியில் காலமானபோது அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் இன்னும் சிறைக்குள்தான் இருந்தார்.

ஆக, கூலி போதாது என்று மில்லை நிறுத்தியவருடைய கைக்கு, கூலி போதாது என்று வேலையில் ஏய்ப்பவன் உருப்பட மாட்டான் என்று சொல்கிற புத்தகம் வந்து சேர்கிறது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. தமிழில் எழுதுகிறார். இந்த இடத்தில்தான் எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு குழப்பம் வந்தது. குழப்பம்தான் உபயோகமாக இருந்தது.

*

தலைப்பிலிருந்து தொடங்கலாம். தமிழில் 'மனம் போல வாழ்வு' என்று கேட்டதும் பின்னாலேயே ஒரு பழமொழி வந்து நிற்கிறது: 'மனம் போல மாங்கல்யம்'. கல்யாண வீட்டில் வாழ்த்தாகவும், கல்யாணம் கெட்ட பிறகு குத்தலாகவும் இதைச் சொல்வார்கள். புருஷன் குடிகாரனாக வாய்த்துவிட்டால், அது அவள் மனசுக்குத் தக்க மாங்கல்யம் என்றாகிவிடும். நிலைமை எண்ணத்தின் விளைச்சல் என்ற தத்துவத்தின் கொடூரமான பக்கத்தை நம் ஊர்ப் பெண்கள் ஆலனைப் படிக்காமலே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அக்காவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "எங்க மாமியார் சொல்லாத நாள் கிடையாது" என்றார். அந்தச் சிரிப்புக்குப் பின்னாலும் புத்தகம் கைப்பையில்தான் இருந்தது.

1914-இல் வெளிவந்த ஆலனின் இன்னொரு நூலுக்கு வ.உ.சி. வைத்த பெயர் இன்னும் சுவாரஸ்யமானது: 'அகமே புறம்'. மூலத் தலைப்பில் இருப்பது இதயத்திலிருந்து வெளியே வருவது என்பதுதான். அகம், புறம் என்ற இணை அங்கே கிடையாது. இது தமிழ்ப் பொருளிலக்கணம் தெரிந்தவர் போட்ட தலைப்பு. பின்னாளில் தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தவர் அவர். தொல்காப்பியத்தில் அகமும் புறமும் ஒன்றல்ல. ஆனால் ஒன்றுக்கொன்று உறவு சொல்லப்பட்டவை. ஒவ்வொரு புறத்திணையும் ஓர் அகத்திணைக்குப் புறன். குறிஞ்சிக்கு வெட்சி, முல்லைக்கு வஞ்சி. காதலுக்கும் ஆநிரை கவர்தலுக்கும், காத்திருத்தலுக்கும் படையெடுப்புக்கும் இடையே ஒரு கோடு இழுக்கப்பட்டிருக்கிறது. எம்.ஏ. வகுப்பில் இதை அட்டவணையாக மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவன் நான். அதை ஓர் அரசியல் சிந்தனையாக யோசித்ததில்லை.

'அகமே' என்பதில் உள்ள ஏகாரத்தை எப்படி எடுத்துக்கொள்வது? பிரிநிலை ஏகாரம் என்றால், அகம் மட்டும்தான், வேறெதுவும் இல்லை என்றாகும். பயிற்சியாளரின் வாசிப்பு அது. தேற்ற ஏகாரம் என்றால், அகம் புறமாக ஆகியே தீரும், உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது என்று உறுதி சொல்வதாகும். முதல் வாசிப்பில் புறம் காணாமல் போய்விடுகிறது. இரண்டாவதில் அகத்துக்குப் புறத்துக்கு வரவேண்டிய கடமை வந்துவிடுகிறது. கப்பல் கம்பெனி நடத்தியவருக்கு இரண்டாவதுதான் பொருந்தும் என்று நான் வாதிடுவேன். ஏகாரத்தை வைத்து இவ்வளவு பெரிய கோட்டையா என்று கேட்கலாம். கேளுங்கள். இந்த அர்த்தத்துக்கு வேறு சாட்சிகளும் இருக்கின்றன.

கண்ணனூர்ச் சிறையில் அவர் எழுதி 1914-இல் வெளியான 'மெய்யறம்' என்ற நீதிநூலைப் பாருங்கள். 125 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்துப் பத்து ஒற்றையடிகள். குறளின் நிழல் அப்பட்டமாகத் தெரிகிறது. இயல்கள் ஐந்து: மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல். மாணவனாகத் தொடங்கி மெய்யை அடையும் ஒருவனின் பாதையில், வீட்டுக்கும் துறவுக்கும் நடுவில் அரசியல் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தாண்டிக்கொண்டு போக வழியில்லை. இன்றைய தன்முன்னேற்றப் புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்கள். மாணவரியல் இருக்கும், இல்வாழ்வியல் இருக்கும், தியானம் என்ற பெயரில் மெய்யியலும் இருக்கும். நடுவிலிருந்த இயலை மட்டும் யாரோ உருவிவிட்டார்கள்.

குறளுக்கும் இதேதான் நடந்திருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் வாய் ஓயாமல் எடுத்துவிடும் முயற்சிக் குறள்களெல்லாம் பெரும்பாலும் மூன்று அதிகாரங்களில் இருப்பவை: 61 மடியின்மை, 62 ஆள்வினையுடைமை, 63 இடுக்கணழியாமை. இவை எங்கே இருக்கின்றன? அறத்துப்பாலில் இல்லை. பொருட்பாலில், அரசியல் என்று உரைகாரர்கள் பகுத்த இருபத்தைந்து அதிகாரங்களின் கடைசியில் இருக்கின்றன. அதாவது சோம்பாதே, விடாதே, துன்பம் வந்தால் கலங்காதே என்பதெல்லாம் அரசனுக்குச் சொல்லப்பட்ட பகுதியில் வருகிறது. நாட்டை ஆள்கிறவன் மடிந்து உட்கார்ந்தால் குடி கெடும், அவன்தான் கண்விழித்துக் கிடக்க வேண்டும். அது எல்லோருக்கும் பொது என்று சொல்ல இடம் உண்டு. இயல் பகுப்பே உரையாசிரியர்களுடையது என்றும் சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அறத்துப்பாலின் கடைசியில், 38-ஆவது அதிகாரமாக, ஊழ் நிற்கிறது. அடுத்துத் தொடங்குவது அரசியல். ஊழை முன்னால் வைத்துவிட்டு, அதை எதிர்க்கும் முயற்சியை ஆட்சியின் கணக்கில் எழுதியிருக்கிறது அந்த அடுக்கு. இன்றைக்கு ஆட்சி தன் கணக்கை எங்கள் பக்கம் தள்ளிவிட்டுவிட்டது. சம்பளக் கோப்பு மேஜையில் மூன்று மாசம் தூங்கலாம், மடியின்மையை மட்டும் நாங்கள் பழகிக்கொள்ள வேண்டும்.

கிரேக்கர்களிடமும் இந்த முறைதான் இருந்தது. தன் கடைசி வருஷங்களில் ஃபூக்கோ விரிவாக ஆராய்ந்த 'தன்னைப் பேணல்' என்ற பழக்கம், பிறரை ஆளப் போகிற சுதந்திர ஆண்மகனுக்கான பயிற்சியாகத் தொடங்கியது. ஊரை ஆள ஆசைப்படுகிற இளைஞனிடம், முதலில் உன்னைக் கவனி என்று சாக்ரடீஸ் சொல்கிறார். அடிமையைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் ரோமில் அடிமையாக இருந்த எபிக்டெடஸ் அதே பாடத்தை எடுத்துக்கொள்கிறார். எது என் வசம், எது என் வசமில்லை என்று கோடு போடுகிறார். அரசனுக்கான பாடம் அடிமையின் கையில் வந்ததும் அதன் பொருள் வேறாகிவிடுகிறது. அடிமை தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும்போது அது எஜமானனின் உரிமைக்கு ஓர் எல்லை வைக்கிறது: இதற்கு மேல் உனக்குப் பாத்தியதை இல்லை. எஜமானன் அடிமைக்குச் சொன்னால் அதே வாக்கியம் சங்கிலிக்குப் பூசும் எண்ணெய்.

சிறையில் வ.உ.சி. இருந்த இடம் எபிக்டெடஸின் இடம். எப்போது எழ வேண்டும், என்ன உடுக்க வேண்டும், எதைத் தின்ன வேண்டும், எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதெல்லாம் வார்டரின் முடிவு. 'தினசரி முடிவுகள்' என்று பயிற்சியாளர்கள் பட்டியல் போடுகிற எதுவும் அவரிடம் மிச்சமில்லை. மிச்சமிருந்தது என்ன? மொழிபெயர்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வேலை முழுக்க முழுக்க முடிவுகளால் ஆனது. இந்தச் சொல்லா அந்தச் சொல்லா, இங்கே வாக்கியத்தை முறிப்பதா வேண்டாமா. ஒரு பக்கத்துக்கு ஐம்பது முடிவு. ஒன்றுக்கும் ஜெயிலர் கையெழுத்து வேண்டியதில்லை. ஆலனின் தத்துவத்தை வ.உ.சி. நம்பினார் என்பதைவிட, ஆலனை மொழிபெயர்த்த வேலை ஆலன் சொன்னதைவிட உண்மையாக இருந்தது என்பதே என் வாசிப்பு. அதற்காக அவர் நம்பவில்லை என்று சாதிக்க மாட்டேன். 1934-இல் 'சாந்திக்கு மார்க்கம்' வரைக்கும், கால் நூற்றாண்டு அந்த ஆங்கிலேயரை அவர் விடவில்லை.

ஆலனின் அடிப்படைக் கூற்று பொய் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. நிலைமை எண்ணத்தின் விளைச்சல் என்றால் பின்ஹேயின் தீர்ப்பு யாருடைய எண்ணத்தில் விளைந்தது? ஒரு வகையில் வ.உ.சி.யின் எண்ணத்தில்தான். சுதேசியம் என்று நினைத்தார், உள்ளே போனார். ஆனால் கெட்ட விதைக்குக் கெட்ட பயிர் என்ற கணக்கு இங்கே தலைகீழாகிறது. நல்ல விதைக்குத்தான் செக்கு கிடைத்தது. ஆலனின் தோட்டத்தில் பக்கத்து நிலத்துக்காரன் இல்லை, வாய்க்காலை அடைப்பவன் இல்லை, வரி வசூலிப்பவன் இல்லை. தோட்டம் வைத்த யாருக்கும் இது சிரிப்பை வரவழைக்கும்.

'மனம் போல வாழ்வு' வெளிவந்த அதே 1909-இல், நவம்பரில், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பும் கப்பலில் காந்தி 'இந்திய சுயராஜ்யம்' எழுதினார். தன்னைத் தான் ஆள்வதும் நாடு தன்னைத் தான் ஆள்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்த காலம் அது. அப்படிப்பட்ட காலத்தில் 'உன் வாழ்வு உன் கையில்' என்பது பிரிட்டிஷ்காரனின் காதிலும் விழுகிற மாதிரிச் சொல்லப்பட்ட வாக்கியம். 1947-க்குப் பிறகு இரண்டாவது பாதி நிறைவேறிவிட்டதாகக் கணக்கு முடித்து, முதல் பாதியை மட்டும் நம்மிடம் விட்டுவைத்தார்கள்.

முழுக்கவும் அப்படியல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 'எண்ணங்கள்' எழுதிய எம்.எஸ். உதயமூர்த்தியை எனக்கு முந்தைய தலைமுறைச் சிறுபத்திரிகைக்காரர்கள் பலரும் ஒரு சிரிப்போடு தாண்டிப் போனார்கள். நானும் அந்தச் சிரிப்பைக் கடன் வாங்கி ரொம்ப நாள் வைத்திருந்தேன். ஆனால் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த அந்த மனிதர் தனிமனித முன்னேற்றத்தோடு நிற்காமல் 1988-இல் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். அதே வருஷம் கே. பாலசந்தர் எடுத்த 'உன்னால் முடியும் தம்பி' படத்தின் கதாநாயகனுக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அந்தக் கதாநாயகன் தன் வீட்டை மட்டும் ஒழுங்குபடுத்திக்கொண்டு உட்காரவில்லை, ஊர்ச் சாராயத்தைப் பற்றிப் பேசுகிறான். இயக்கம் எவ்வளவு தூரம் போயிற்று என்பது வேறு விஷயம். 'உன்னால் முடியும்' என்பதில் ஊருக்கும் ஓர் இடம் அப்போது இருந்தது. இன்றைக்குச் சென்னைப் புத்தகக் காட்சியில் 'பணக்காரத் தந்தை ஏழைத் தந்தை'யும் அதன் உறவினர்களும் அடுக்கியிருக்கும் மேஜையில் ஊர் இல்லை. தம்பி மட்டும் இருக்கிறான், அவனுக்கும் தவணை கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது.

*

பயிற்சியாளர் சொன்னதற்குத் திரும்புகிறேன். 'செக்கிழுத்த செம்மலே காரணம் சொல்லல.' இது சரித்திரப்படியும் தப்பு.

1912 கடைசியில் வ.உ.சி. வெளியே வந்தபோது கம்பெனி இல்லை, 1911-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தை வைத்துக்கொண்டு திண்டாடினார். தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர்கள் அவருக்கென்று கொஞ்சம் பணம் திரட்டி, காந்தி மூலம் சேர்ப்பிக்கக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பணத்துக்காக 1915-இலும் 1916-இலும் வ.உ.சி. காந்திக்குக் கடிதங்கள் எழுதினார். ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தக் கடிதங்களைத் தேடித் தொகுத்து ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். கடைசியில் கைக்கு வந்த தொகை 347 ரூபாய் 12 அணா.

இந்தக் கடிதங்களைப் படித்தபோதுதான் எனக்கு அக்காவின் கைப்பை புரிந்தது. 'மனம் போல வாழ்வு', 'அகமே புறம்' இரண்டும் அச்சாகி வந்த பிறகு எழுதப்பட்ட கடிதங்கள் இவை. மனம் சரியாக இருந்தால் நிலைமை தானாக மாறும் என்று நம்பிய ஒருவர் எதற்காகத் தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு மறுபடியும் மறுபடியும் தபால் போட வேண்டும்? கஷ்டத்தில் இருக்கிறேன் என்று சொல்வதற்கு அவர் வெட்கப்படவில்லை. மகாத்மா என்று ஊரே கொண்டாடத் தொடங்கிய ஆளிடம் கணக்குக் கேட்கவும் தயங்கவில்லை. அந்தப் பணம் என்னுடையது, அது என்னிடம் வரவேண்டும் என்பதையும் தன் அகத்தின் பகுதியாகவே அவர் வைத்திருந்திருக்கிறார். பின்னாளில் சன்னது திரும்பக் கிடைக்கக் காரணமான நீதிபதி வாலஸின் பெயரைத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று வைத்ததும் இதே மனிதர்தான். நிலைமையைச் செய்பவர்கள் வெளியே இருக்கிறார்கள், அவர்களுக்குப் பெயர் உண்டு என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அக்காவின் கைப்பையில் ஆலனோடு இன்னொன்றும் இருந்தது. கட்டுப்போட்ட ஒரு ஃபைல். பதினான்கு வருஷத்தில் அனுப்பிய மனுக்களின் நகல்கள், தபால் ரசீதுகள், 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்த பதில்கள், தேதி வாரியாக. "காலைல அத ரெண்டு பக்கம் படிச்சாத்தான் மத்தியானம் இத எழுதத் தெம்பு வருது" என்றார். என் நாலு பக்கத்தில் இப்படி ஒரு வாசிப்புக்கு இடமே இல்லாமல் இருந்தது. கருத்தியல் கூப்பிட்டால் வாசகர் திரும்பிப் பார்ப்பார் என்று எழுதியிருந்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு, கூப்பிட்டவரிடமே ஒரு மனுவை நீட்டுவார் என்று எழுதவில்லை. பயிற்சியாளரிடம் கேட்டால் இரண்டு பக்கம் படித்ததைப் பாராட்டிவிட்டு, மத்தியானம் எழுதுவதை 'நெகட்டிவ்' என்பார். நான் நேர் எதிராகச் சொல்லியிருப்பேன். இரண்டு பேருமே அவருடைய ஒரு நாளைப் பாதியாக வெட்டியிருப்போம்.

பயிற்சி முடிந்த மறுவாரம் அவர் ஒரு மனு எழுதினார். மூன்று மாசப் பாக்கி, அதோடு மே மாசச் சம்பளம் பற்றி ஒரு தனிப் பத்தி. நாற்பது பேருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். ஒருவருக்கு வீட்டில் கேட்க வேண்டியிருந்தது. ஒருவர் அடுத்த வருஷப் புதுப்பித்தல் முடியட்டும் என்றார். ஒருவர் மனுவை வாங்கி நிதானமாகப் படித்து, ஒற்றுப்பிழை இரண்டைத் திருத்தித் தந்துவிட்டுப் போனார், தமிழ்த்துறைதான். கடைசியில் பதினோரு கையெழுத்துச் சேர்ந்தது. பாக்கிச் சம்பளம் தீபாவளிக்கு முன்னால் வந்தது. மே மாசப் பத்திக்கு, பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்து, அதுவும் ஃபைலில் ஏறிவிட்டது.

அந்தப் பதினொன்றில் என் கையெழுத்து ஒன்பதாவது. அக்கா முதல் நாளே கேட்டார். நான் போட்டது மூன்றாம் நாள் சாயங்காலம்.